சிவப்புக் குடை

வழிகாட்டி மரகதம் உயர்த்திப் பிடித்த சிவப்புக் குடையைப் பார்த்தே டெல்லி சாந்தினி சவுக் நெரிசலில் தமிழ்ச் சுற்றுலாக் கூட்டம் நடந்தது. தூசிக்கு அவள் கட்டியிருந்த முகத்துணிக்குள் இருப்பது யாரென்று, அவளை ‘மேடம்’ என்றே அழைத்த பயணி கிருபாகரனுக்கு நாள் முழுக்கத் தெரியவில்லை. “இங்கேயே நில்லு, தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்” என்று பல வருஷங்களுக்கு முன் புதுப்பெண்டாட்டியை இதே தெருவில் விட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறிய பாவி அவன். இந்தி தெரியாத அவள் இருட்டும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மாலையில் மற்றவர்கள் பேருந்தில் ஏறிவிட்டார்கள். பின்தங்கிய கிருபாகரனைத் தேடி வழிகாட்டி திரும்பி வந்தாள்.

“நல்லவேளை வந்தீங்க மேடம். போனையும் பஸ்லயே வெச்சுட்டேன். உங்க குடையை விட்டா எனக்கு வழி தெரியாது.”

“இங்கேயே நில்லு,” என்றாள் மரகதம். “தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்.”

அவனுடைய நிம்மதிச் சிரிப்பு அடங்குவதற்குள், கூட்டத்துக்கு நடுவே அந்தக் குடை மடங்கியது.