காலிக் கட்டிலின் மணி

சுவிட்சைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோதே மணி அடித்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கும் எரிந்தது. எலக்ட்ரீஷியன் தன் கையைப் பார்த்தார். இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகத்தான் நின்றன.

எதிரே காலிக் கட்டில். விரிப்பில்லாத மெத்தையில் ஆள் படுத்த பள்ளம் இன்னும் மேலே எழும்பவில்லை.

வராந்தாவில் செருப்புகள் தடதடத்தன. இரண்டு ஆயாக்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்த முதியோர் இல்லத்தில் அவர்களுக்கு நெட்டை, வாயாடி என்றுதான் பெயர்.

"தள்ளிக்குங்கண்ணே, பெரியம்மா கூப்பிடுறாங்க" என்றாள் வாயாடி.

"எந்தப் பெரியம்மா? இங்கதான் யாருமே இல்லையேம்மா."

"இல்லாதவங்க அடிக்கிறதுதானே பயம்! இந்தக் கட்டில்ல இருந்தாங்க. ஒரு நாள் மத்தியானம் விடாம மணி அடிச்சாங்க. எப்பவும் அடிக்கிறதுதானேன்னு நாங்க இருந்துட்டோம். தானே இறங்கப் பார்த்து, கீழ விழுந்து..."

நெட்டை அவள் வாயைப் பொத்தினாள். "அவங்க கட்டில் பக்கத்துலயே நின்னு பேசுறியே, உனக்கு நெஞ்சழுத்தம்டி."

மணி நிற்கவில்லை. காலிக் கட்டிலை நிமிர்ந்து பாராமல் இருவரும் பக்கத்து அறைக்குள் நுழைந்தார்கள். எலக்ட்ரீஷியனும் பின்னால் போனார். அங்கே ஒரு காலத்தில் பஸ் ஓட்டிய தாத்தா படுத்திருந்தார். பக்கவாதம். பேச்சில்லை. கண்கள் மட்டும் ஆட்களைத் துரத்தின.

"பிடிடி, தூக்கு!" அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தார்கள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருந்த இடம் தெரிந்தது. புதுத்தோல் வெளிறிப் பளபளத்தது.

"முன்னாடி எலும்பே தெரிஞ்சுதுண்ணே" என்றாள் நெட்டை. "இந்தக் கோடிக்கு யாரு வர்றது? இப்ப பாருங்க, ஆறிப்போச்சு. இவரைத் திருப்பிப் போடுற நேரம் வந்தா பெரியம்மா மணி அடிச்சுடுவாங்க."

வாயாடி சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "திருப்பிப் போட்டாச்சு பெரியம்மா!"

மணி நின்றது.

எலக்ட்ரீஷியன் சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "எங்கயாவது ஒயர் உரசும்மா, வேற என்ன" என்றார். சொன்ன குரல் அவருக்கே நம்பும்படியாக இல்லை.

வராந்தாவில் மேனேஜர் காத்திருந்தார். கூடவே தலைமை நர்ஸ். பல நாள் தூங்காதவளைப் போலக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நாளைக்குச் சோதனைக்கு ஆளுங்க வர்றாங்க. அவங்க முன்னாடி இந்தச் சனியன் அடிச்சா பேய்வீடுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அந்தக் கோடி லைனையே அறுத்து எறிஞ்சிடுய்யா" என்றார் மேனேஜர்.

தலைமை நர்ஸின் முகம் வெளுத்தது. "அறுக்க வேண்டாம் சார்."

"சிஸ்டர், நீங்களுமா? படிச்சவங்க இப்படிப் பயந்தா ஆயாங்க என்ன பண்ணுவாங்க? அங்க இருக்கிறவங்க யாருக்கும் கையும் வராது, பேச்சும் வராது. மணி எதுக்கு?"

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு, கூரைப் பலகையை நகர்த்தி, தூசிக்குள் தலையை விட்டார். பழைய ஒயர் நேராகத்தான் போனது. டார்ச்சை அடித்துக்கொண்டே தவழ்ந்தார். வழியில் ஓரிடத்தில் புது ஒயர் ஒன்று பழையதோடு முறுக்கி விடப்பட்டிருந்தது. கறுப்பு டேப் சுற்றவில்லை. புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார்கள்.

அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது இறங்கிய இடத்தில் பலகை கொஞ்சம் விலகியிருந்தது. இடுக்கு வழியே கீழே பார்த்தார். ஒரு மேசை. மேசையோரத்தில் ஒரு சுவிட்ச். ஜன்னலில், முற்றத்துக்கு அந்தப் பக்கம், தாத்தாவின் கட்டில் தெரிந்தது.

தலைமை நர்ஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறைக்கப் பார்க்கவில்லை.

"ஆயாங்களுக்குக் கிளாஸ் எடுத்தேண்ணே" என்றாள் மெல்ல. "சுவர் முழுக்கப் படம் ஒட்டினேன். கெஞ்சினேன், திட்டினேன். என் எதிர்ல தலையாட்டுவாங்க, நான் இந்தப் பக்கம் வந்ததும் உட்கார்ந்துடுவாங்க. அந்தம்மா உயிரோட அடிச்சப்ப ஒருத்தரும் எந்திரிக்கலை. செத்தப்புறம் அடிச்சா ஓடுறாங்க."

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார்.

"நிறுத்திட்டா தாத்தாவுக்குப் புண்ணு திரும்ப வந்துடும். இந்தத் தடவை பிழைக்க மாட்டார்." சுவிட்சைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போனாலும் எனக்கு இந்த மணி கேக்குது. அங்க நான் எதையும் அமுக்குறதில்லை."

எலக்ட்ரீஷியன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பத் தவழ்ந்துபோய், பிளாஸ்திரியைப் பிரித்து, ஒயரை இன்னும் இறுக்கமாக முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றினார். ஒரு தடவை இழுத்தும் பார்த்தார். அசையவில்லை.

ஏணியடியில் மேனேஜர் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நெட்டையும் வாயாடியும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னய்யா, அறுத்தாச்சா?"

எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு படியாக இறங்கினார். முகத்தில் ஒட்டடை. ஒயர் வெட்டும் குறட்டைத் தன் பையில் போட்டுப் பையின் வாயைக் கட்டினார்.

"ஒயர்ல ஒண்ணுமே இல்ல சார்... அந்தம்மாதான்."