ஒரே டிஸ்க்கில் அடங்கியது

காணாமல்போய்ப் பதினான்கு மாதமான மகன் எழிலரசனைத் தேரோட்ட நேரலையில் மரகதவல்லி கண்டுவிட்டாள். வடம் பிடித்த கூட்டத்தில் மூன்று நொடி நின்றான். ஆறு மணி நேர ஒளிபரப்பும் வீட்டு டிவியின் செட்-டாப் பெட்டியில் பதிவாகியிருந்தது.

"வெட்டாம, முழுசா ஒரே டிஸ்க்ல கொண்டாங்கம்மா" என்றார் அவள் புகாரை விசாரித்துவந்த இன்ஸ்பெக்டர்.

"சுருக்கினாத்தான் அடங்கும்" என்ற வீடியோ கடைக்காரர், அவள் கொண்டுபோன பெட்டியிலிருந்து சுருக்கி ஏற்றிய கையோடு, இடம் காலியாகட்டும் என்று அதிலிருந்த பதிவை அழித்துவிட்டார்.

ஸ்டேஷனில் போட்டபோது முகங்களெல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிந்தன.

"இதுல யாரும்மா உங்க பையன்?"

"வீட்ல நல்லாத் தெரிஞ்சான் சார்."

அவர் சலிக்காமல் மறுபடி ஓட்டினார். அவள் எழுந்துபோய், திரையில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றின்மேல் விரலை வைத்தாள். கூட்டம் நகர்ந்து போய்விட்டது. விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.