அபாயமில்லாத அளவு

"கையை நீட்டும்மா. வலிக்காது."

பாஞ்சாலை முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். ரத்தம் எடுத்து முடித்ததும், குழந்தைக்குக் கொடுப்பதுபோல் அவளிடம் இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்தார் ஆராய்ச்சி அதிகாரி சக்கரவர்த்தி.

இதுகளுக்கு அந்தப் பிஸ்கட்டே அதிகம் என்று நர்ஸ் பூங்கோதைக்குப் பட்டது. செங்கத்திலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஜவ்வாது மலை ஏறிவருவதே பெரும்பாடு. மெட்ராசில் விசிறிக்கடியில் உட்காரவேண்டியவர், இந்தக் காட்டில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த அருமை தெரிகிறதா இதுகளுக்கு?

எழுபத்தெட்டாம் வருஷத்து மழையில் ஊருக்கு மேலே இருந்த பூச்சிமருந்துக் கிடங்கு இடிந்து, டிரம்மிலிருந்த மருந்தெல்லாம் கிணற்றில் இறங்கிவிட்டது. முதலில் ஆடுகள் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை நடுக்கம் கண்டது.

"இன்னும் அந்தக் கெணத்துத் தண்ணிதானே குடிக்கிறே?"

"ஆமாங்க" என்றாள் பாஞ்சாலை.

"நல்லது. அடுத்து யாரு?"

அடுத்து வந்த செல்லி, தூரத்துச் சுனைத் தண்ணீருக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள். சக்கரவர்த்தியின் முகம் கடுத்தது. "உனக்கு ஊசி வேணாம். போ."

பிஸ்கட்டும் இல்லாமல் அவள் திரும்பிப் போனாள்.

"சொன்ன பேச்சு கேக்காத ஜென்மங்க சார்" என்றாள் பூங்கோதை.

அப்போது ஊர்க்கவுண்டர் மாதையன் வந்து நின்றார். "சார், மோட்டாருக்குச் சொல்லி வெச்சிக்கிறேங்க. நாளைக்கே கெணத்துத் தண்ணிய எறைச்சிட்டு, சேத்தெல்லாம் வாரி வெளிய கொட்டிடறோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுங்க."

"உன்னை யாரு கேட்டா? எலி எவ்ளோ விஷம் தாங்கும்னு புஸ்தகத்துல இருக்கு. மனுஷன் எவ்ளோ தாங்குவான்னு இன்னும் எழுதலை. அந்த அளவு தெரியாம கெணத்துல எவனாவது கைவெச்சான், போலீசைக் கூப்பிடுவேன்."

மாதையன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நகர்ந்தார். பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. அளவே தெரியாமல் மோட்டார் போட்டால் விஷம் போய்விடுமாம்.

புறப்படும் நேரத்தில்தான் பாஞ்சாலையை மறுபடி பார்த்தாள். நடுங்கும் விரல்களால் பிஸ்கட்டை முந்தானையில் முடியப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். முடிச்சு விழவே இல்லை. பிஸ்கட் மண்ணில் விழுந்தது. குனிந்து பொறுக்கினாள், அதுவும் கைக்கு வரவில்லை.

பூங்கோதைக்கு என்னவோபோல் இருந்தது. ஜீப்பில் ஏறியதும் கேட்டாள். "சார், இங்க எடுத்த ரத்தம் பத்துங்களா, அளவு கண்டுபிடிக்க?"

"எங்க பத்தும்? இன்னும் ரெண்டு வருஷமாவது பாக்கணும்."

"அதுக்குள்ள கெணத்தையாவது சுத்தம் பண்ணிடலாங்களே சார். பாவம்."

சக்கரவர்த்தி ரத்தப் புட்டிகளைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் அடுக்கினார். விவரம் கெட்டவளைப் பார்ப்பதுபோல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுத்தம் பண்ணிட்டா, அப்புறம் யாரை வெச்சும்மா கண்டுபிடிக்கிறது?"