கேட்டைத் தொடாதே!

"உள்ள வராதடா! கேட்டைத் தொடாதே!"

அப்பாதுரை போட்ட சத்தத்துல காசி அப்படியே நின்னுட்டான்.

"என்னண்ணே இது? நாளைக்கு எனக்குக் கோழிக்குஞ்சு எறங்குது. குஞ்சு தண்ணி குடிக்க உங்க பழைய டப்பாங்களை எடுத்துக்கச் சொல்லி நீங்கதானே சொன்னீங்க?"

"இப்ப இல்லேன்னு சொல்றேன். கெளம்பு!"

பௌர்ணமி தவறாம ஒண்ணா மலை சுத்துறவங்க ரெண்டு பேரும். கீழ்பென்னாத்தூர் ரோட்டுல பக்கத்துப் பக்கத்து நிலம். அப்பாதுரையோடது பழைய கோழிப் பண்ணை. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்ட நிலத்துல காசி இப்பதான் ஷெட் போட்டிருக்கான். இனிமே அதுதான் அவனுக்குச் சோறு.

"இன்னொருத்தன் பண்ணை வச்சா அந்தாளுக்கு வயிறு எரியுது சரசு!" பொண்டாட்டிகிட்ட பொருமித் தள்ளிட்டான். "இனி அவர் மொகத்துல முழிச்சா என்னை ஏன்னு கேளு!"

"விடுய்யா, திருவண்ணாமலை போய்ப் புதுசு வாங்கிக்கலாம்" ன்னு சொன்னா சரசு. வாங்கினாங்க.

அடுத்த வாரம் கால்நடை டாக்டர் எழிலரசி வந்தாங்க. மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டுத்தான் உள்ள நுழைஞ்சாங்க.

"அப்பாதுரை பண்ணையிலேர்ந்து ஏதாவது எடுத்துட்டு வந்தீங்களா?"

"அவரா குடுப்பாரு? கேட்டையே தொட விடல மேடம்!"

"நல்லவேளை! அங்க கோழிங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருக்கு. லேப் ரிசல்ட் நேத்துதான் வந்தது. கோழி வயித்துல எப்பவும் இருக்கிற கிருமிதான். ஆனா இதோட ஜீன் மோசம். கோழியைக் கொல்ற குணம், மருந்துக்கு அடங்காத குணம் ரெண்டும் அதுலயே இருக்கு. பத்தாததுக்கு அந்த ஜீனைப் பக்கத்துல சாதுவா இருக்கிற கிருமிக்கும் தானம் பண்ணிடும். ஒரு டப்பா, ஒரு செருப்பு போதும், உங்க ஷெட்டுக்கு வந்திருக்கும். உங்க குஞ்சுங்களைப் பாத்துட்டு வரச் சொல்லி அவர்தான் என்னை அனுப்பினாரு."

காசி கீச்கீச்சுன்னு ஓடுற குஞ்சுங்களையே பாத்துக்கிட்டு நின்னான்.

அப்புறம் அப்பாதுரை பண்ணைக்கு ஒரே ஓட்டம். கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணு கலங்கிடுச்சு.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களைப் போய் என்னென்னவோ பேசிட்டேனே!"

ஷெட் வாசல்ல நின்ன அப்பாதுரை அந்த நிலைமையிலயும் சிரிச்சாரு.

"கோழி சாவுதுன்னு சொல்லியிருந்தா, ஒத்தாசை பண்றேன்னு நீ செவுரு ஏறிக் குதிச்சாவது உள்ள வந்திருப்பே. கோவம் வந்தாதானேடா எட்டி நிப்பே?"