சுவரில் ஒரு தவளை

ஸ்பெயினில் உள்ள சலமான்கா பல்கலைக்கழகத்தின் பழைய வாசல் சுவர் மாலை வெயிலில் தேன் நிறமாக ஒளிர்கிறது. அதில் செதுக்கியிருக்கும் அரசர் உருவங்களுக்கும் இலைக்கொடிகளுக்கும் நடுவே, ஒரு மண்டையோட்டின் மேல் கல் தவளை ஒன்று குந்தியிருக்கிறது. யாரும் காட்டாமல் தானே கண்டுபிடித்தால்தான் அதிர்ஷ்டம் என்று ஊரில் சொல்வார்கள். ஃபெலிசா நேற்றே கண்டுபிடித்துவிட்டாள். அவள் கணவர் எலாதியோ இரண்டாம் நாளாக அண்ணாந்து நிற்கிறார். திங்கட்கிழமை அவருக்குக் கண் ஆபரேஷன். ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது.

“சொல்லிடட்டுமா?”

“வாயைத் திறந்தே, நீ தனியாத்தான் ஊருக்குப் போவே.”

குருவிகள் கீச்சிட்டபடி சுவரோரம் சுழல்கின்றன. எலாதியோ தொப்பியைக் கழற்றி, வெயிலை மறைத்துக்கொண்டு, கல் கல்லாகத் தடவுவதுபோலப் பார்க்கிறார். சட்டென்று கை உயர்கிறது.

“அதோ! மாட்டிக்கிட்டான்டி பய!”

விரல் காட்டும் இடத்தில் மூளியான கல் இலை ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்தில், புத்தகங்களை அணைத்தபடி நிற்கும் மாணவி, “ஐயா, அங்க இல்ல...” என்று ஆரம்பிக்கிறாள். ஃபெலிசா அவள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறாள்.

“என்னவாம் அந்தப் பொண்ணுக்கு?”

“அவளுக்கு இன்னும் தெரியலையாம்,” என்கிறாள் ஃபெலிசா.

எலாதியோ மாணவியின் பக்கம் குனிகிறார். “அவசரப்படாதேம்மா. நிதானமாப் பாரு, தானாத் தெரியும்.”

மாணவி மணிக்கட்டை விடுவித்துக்கொள்ளவில்லை. அந்த மூளி இலையையே வெகுநேரம் பார்க்கிறாள்.

“ஆமாங்கய்யா,” என்கிறாள். “இப்பத் தெரியுது.”