தண்ணீர் வாளி

மறுநாள் போருக்குப் புறப்படவிருந்த கடற்படை, அன்று பெரிய மேசையொன்றின்மேல் பொம்மைக் கப்பல்களை வைத்து ஒத்திகை பார்த்தது. எதிரியாக விளையாட லெப்டினன்ட் இருதயத்தை உட்காரவைத்திருந்தார்கள். டீ வந்தபோது, "எதிரிக்கு எதுக்குய்யா டீ?" என்றார் ஒரு கேப்டன். அறையே சிரித்தது. இருதயத்துக்குக் கோபம்கூட வரவில்லை, இளக்காரம்தான் வந்தது. விமானந்தாங்கிக் கப்பல்கள் மோதும் போரில் கப்பலைக் கப்பல் பார்ப்பதே இல்லை, விமானங்கள்தான் தேடிப்போகும். அதனால் மேசை நடுவே ஒரு திரை தொங்கியது. மூழ்கும் கப்பலை நடுவர் எடுத்துத் தண்ணீர் வாளியில் போடுவார். இருதயம் காத்திருந்தான். திரும்பிவந்த விமானங்கள் தளத்தில் நின்று பெட்ரோல் நிரப்பும் நேரத்தில் ஒரு குண்டு போதும், மிச்சத்தைக் கப்பலின் சொந்தப் பெட்ரோலே பார்த்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து அடித்தான். திரைக்கு அந்தப்பக்கம் ஆடிய அட்மிரலின் ஈயக் கப்பல் வாளிக்குள் விழுந்தது. அட்மிரல் சட்டைக் கையை மடித்துவிட்டு அதை வெளியே எடுத்தார், கைக்குட்டையால் துடைத்தார், பழைய இடத்திலேயே வைத்தார்.

"அவனுங்களுக்கு அவ்வளவு மூளை ஏதுய்யா? குறி பார்க்கவே தெரியாத பசங்க."

"மூழ்கின கப்பலையே மறுபடியும் எடுக்குறீங்க, சார்," என்றான் இருதயம்.

"எதிரிமேல ரொம்பத்தான் பாசம்," என்றார் கேப்டன்.

அட்மிரல் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு நீ எந்தக் கப்பல்ல போறே?"

இருதயம் மேசையைக் காட்டினான். துடைத்து வைத்த கப்பலிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அட்மிரல் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்.