எப்சி போட்ட ஆமென்

பல் விளக்குவதற்கு முன்பே எப்சி ஆமென் போட்டுவிடுவாள். சபை வாட்ஸ்அப் குழுவில் ஏஐ வரைந்த இயேசு ஆறு விரல் கையால் ஆசீர்வதிப்பார், ஆமென். குக்கர் தள்ளுபடி வரும், அதற்கும் ஆமென். ஒருநாள், கூடவே கொயரில் பாடும் கிருபாவின் மகன் ஜிஎஸ்டி ரோட்டில் லாரி மோதி இறந்த செய்தி வந்தது. படிக்காமலே அதற்கும் போட்டிருந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும், சாக்கடையில் விட்ட கையைப் போலக் கட்டைவிரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். போனை அணைத்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு மாதம் கழித்து, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பிளஸ்ஸி பிடித்துக்கொண்டாள்.

“எப்சிக்கா, குரூப்ல டெய்லி உங்க ஆமென்தான் ஃபர்ஸ்ட் வருது. எப்படிக்கா?”

“நான் போனையே தொடுறதில்லையே.”

பிளஸ்ஸி தன் போனைக் காட்டினாள். அன்று காலையும் வந்திருந்தது.

சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். போன் சார்ஜில்லாமல் செத்துக் கிடந்தது. சிம்மைக் கழற்றி இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டாள்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். கணவர் டெனிஸ் கிருபாவின் வீட்டுக்காக உருகி ஜெபித்து, “ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே” என்று முடித்தார்.

எப்சி வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

டெனிஸின் சட்டைப்பையில் ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“உன் ஆமென் வந்துடுச்சு,” என்றார்.